ஃபெலோவா, ப்ராஜெக்ட்டா, பெர்மனென்ட்டா? மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் சேர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டீ நேரம் வந்தால் என் மேசைக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று கையில் தாளோடு நிற்கும். "அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்." அது பெரும்பாலும் நியமன ஆர்டராகத்தான் இருக்கும். நான் ஒரு ப்ராஜெக்ட்டில் தற்காலிகமாக நுழைந்து, உதவித்தொகை வாங்கும் ஃபெலோவாகி, பிஎச்டிக்குப் பின் ஆர்ஏவாக (ரிசர்ச் அசோசியேட்) காத்திருந்து, கடைசியில் நிரந்தரப் பணிக்கு வந்தவள். நான்கு ஆர்டர்களும் என் ஃபைலில் இருக்கின்றன. அதனால்தான் என்னிடம் வருகிறார்கள்.

ஒரே சந்தேகங்களுக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லிவிட்டேன். இனி இதைக் காட்டிவிடலாம் என்று, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். பேச்சு முழுக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களைப் பற்றியது. தனியார் கம்பெனிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் வேறு கதை.

"ஆராய்ச்சி நிறுவனம்னா எதையெல்லாம் சொல்றீங்க அக்கா? ஐஐடியும் அதுல சேருமா?"

ஐஐடி, கல்வி நிறுவனம். ஆராய்ச்சி அங்கே கற்பித்தலோடு சேர்ந்து நடக்கிறது. நான் சொல்வது ஆராய்ச்சிக்கென்றே அரசு நடத்தும் ஆய்வகங்களை. 1942-இல் தொடங்கிய சிஎஸ்ஐஆரின் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில்) கீழ் அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் மையம், காரைக்குடியில் மின்வேதியியல் நிறுவனம் இருக்கின்றன. (காரைக்குடிக்கு அந்த ஆய்வகம் வந்ததற்கு அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் காரணம்.) மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆருக்குச் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஏஆருக்குக் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம், திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம். அணுசக்தித் துறைக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், புவி அறிவியல் அமைச்சகத்துக்குப் பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

இந்தப் பட்டியலை ஏன் சொல்கிறேன் என்றால், ஆள் எடுக்கும் விதம், பதவிப் பெயர், ஓய்வு வயது எல்லாம் தாய் அமைப்பைப் பொறுத்து மாறும். சிஎஸ்ஐஆர் விஞ்ஞானிக்கு ஓய்வு 60-இல். ஐசிஏஆர் விஞ்ஞானிக்கு 62-இல். "கவர்மென்ட் லேப்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்த அமைப்பு என்று சொல்லிக் கேளுங்கள்.

"அங்க வேலை பாக்குற எல்லாருமே சயின்டிஸ்ட்தானே?"

இல்லவே இல்லை. ஒரு சாதாரண காலைப் பொழுதைச் சொல்கிறேன். எங்கள் லேபில் ஒரே இன்குபேட்டரை நாலு பேர் திறக்கிறார்கள். முதலாமவர் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ), உதவித்தொகை வாங்கும் மாணவி. இரண்டாமவர் ப்ராஜெக்ட் அசோசியேட், ஒரு திட்டத்தின் பணத்தில் தொகுப்பூதியம் வாங்குபவர். மூன்றாமவர் டெக்னிகல் அசிஸ்டென்ட், நிரந்தர ஊழியர். நாலாமவர் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் அம்மா, கான்ட்ராக்டர் மூலம் வருகிறார். விஞ்ஞானி அந்த நேரத்தில் பர்ச்சேஸ் மீட்டிங்கில் இருப்பார்.

நான் எல்லாருக்கும் சொல்லும் விஷயம் இதுதான்: நீங்கள் ஒரு 'போஸ்ட்'டில் இருக்கிறீர்களா, ஒரு 'பண'த்தில் இருக்கிறீர்களா? போஸ்ட் என்பது அரசு அனுமதித்த எண்ணிக்கையில் ஒன்று. ஆள் போனாலும் இடம் இருக்கும். பணம் என்பது ஒரு ஃபெலோஷிப்போ ப்ராஜெக்ட்டோ. அது தீர்ந்தால் உங்கள் இடமும் தீர்ந்தது. செய்யும் வேலையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆர்டரை வைத்துத்தான் முடியும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலிருந்தே பதில் வந்துவிடும்.

"ஜேஆர்எஃப்ங்கிறது வேலையா, படிப்பா? பொண்ணு பாக்க வந்தவங்க கேக்குறாங்க, என்ன சொல்றது மேடம்?" (ஒரு தந்தை)

சம்பாதிக்கிற படிப்பு என்று சொல்லுங்கள் ஐயா. ஜேஆர்எஃப் என்பது பிஎச்டி ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் உதவித்தொகை. சிஎஸ்ஐஆரும் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) சேர்ந்த சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் அதற்கான தரவரிசைக்குள் வந்தவர்களுக்குக் கிடைக்கும். முதல் 2 ஆண்டு ஜேஆர்எஃப், மதிப்பீட்டுக் குழு திருப்தியடைந்தால் அடுத்த 3 ஆண்டு எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ), ஆக 5 ஆண்டு. சட்டப்படி அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை. மாதம் பிறந்தால் வங்கியில் பணம் வரும், வருகைப் பதிவும் உண்டு. அதை வைத்து வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

அதற்காக இதைக் குறைவாக எண்ண வேண்டாம். நாடு முழுக்க எழுதும் தேர்வில் முன்வரிசையில் வந்தால்தான் இது கிடைக்கும்.

"கைக்கு எவ்வளவு வரும்? இன்டர்நெட்ல ஆளுக்கொரு தொகை சொல்றாங்க."

பழைய ஆணையையும் புதிய ஆணையையும் கலந்து சொல்வதால் வரும் குழப்பம் அது. 2019 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் 31,000, எஸ்ஆர்எஃப் 35,000 ரூபாய். 2023-இல் வந்த ஆணைப்படி, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. ஆர்ஏவுக்கு மூன்று நிலை: 58,000, 61,000, 67,000. இதோடு வீட்டு வாடகைப்படி. அது ஊரைப் பொறுத்து 30, 20, 10 சதவீதம். சென்னையில் ஜேஆர்எஃப் என்றால் 37,000-உடன் 11,100 சேர்ந்து 48,100. அதே ஃபெலோஷிப்புக்குக் காரைக்குடியில் 3,700 சேர்ந்து 40,700. நிறுவன விடுதியில் தங்கினால் வாடகைப்படி கிடையாது.

ஒன்றைக் கவனியுங்கள். நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கூடும். ஃபெலோவுக்கு அகவிலைப்படியே இல்லை. அடுத்த ஆணை வரும்வரை அதே தொகைதான். 2019-க்கும் 2023-க்கும் நடுவில் நான்கு ஆண்டு அப்படித்தான் ஓடியது. வாடகை மட்டும் நிற்கவில்லை.

"நெட் கிளியர் பண்ணல. உள்ள வரவே முடியாதா?"

வரலாம். ப்ராஜெக்ட் வழி இருக்கிறது. ஒரு விஞ்ஞானி வெளியிலிருந்து நிதி வாங்கித் திட்டம் நடத்துவார். அதற்கு ஆள் எடுக்க நிறுவனத்தின் இணையதளத்தில் விளம்பரம் வரும், ஒரே நாளில் நேர்காணலும் நடக்கும். 2020-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட ஆணைதான் இந்தப் பதவிகளுக்கு ஒரே சீரான பெயர்களைக் கொடுத்தது. அந்த ஆணையில் ப்ராஜெக்ட் அசோசியேட்-1க்கு நெட், கேட் போன்ற தேசியத் தேர்வில் தேறியிருந்தால் 31,000, இல்லாவிட்டால் 25,000, வாடகைப்படி தனி என்று இருந்தது. வயது வரம்பு 35. அதற்கு மேலே சீனியர் ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் என்று படிகள் உண்டு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகைதான் கணக்கு. பழைய தொகையை நம்பிப் பேச வேண்டாம்.

ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் என்ற பெயரில் 'சயின்டிஸ்ட்' இருப்பதால் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனால் அதுவும் பணத்தில் இருக்கும் இடம்தான், போஸ்ட் அல்ல.

"ப்ராஜெக்ட்ல சேரு, அப்படியே பிஎச்டி ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு சார் சொல்றார். நம்பலாமா?"

சார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பதிவு செய்வது சார் இல்லை, பல்கலைக்கழகம். சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் ஏசிஎஸ்ஐஆர் என்ற தனி அமைப்பு பட்டம் தருகிறது. மற்ற இடங்களில் இணைப்புப் பெற்ற பல்கலைக்கழகம். ப்ராஜெக்ட் ஊழியரைச் சேர்க்க அவர்களுக்கென்று நிபந்தனைகள் இருக்கும். தேசியத் தேர்வுத் தகுதி கேட்கலாம், ப்ராஜெக்ட்டில் இன்னும் எத்தனை காலம் பணம் இருக்கிறது என்றும் கேட்கலாம்.

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ப்ராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது? இந்த சாரிடம் ப்ராஜெக்ட்டில் இருந்துகொண்டே பதிவு செய்தவர் யாராவது இருக்கிறாரா? ப்ராஜெக்ட்டின் வேலையே ஆய்வேட்டுக்கு ஆகுமா, அல்லது பகலில் ப்ராஜெக்ட், இரவில் ஆய்வேடா? மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். நான் முதலில் இருந்த இடத்தில் பகலெல்லாம் தண்ணீர் மாதிரிகளை அளந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் என் வேலையைத் தொட்டேன். ஒன்றரை வருடத்தில் ஒரு அத்தியாயத்துக்குக்கூடத் தரவு தேறவில்லை. அப்புறம் நெட் எழுதி வெளியே வந்தேன்.

"நாலு மாசமா ஸ்டைபண்ட் வரல. யாரைக் கேக்குறது? கேட்டா தப்பா நெனைப்பாங்களா?"

கேளுங்கள். தப்பே இல்லை. ஆனால் பணம் வரும் பாதை தெரிந்தால் சரியான ஆளிடம் கேட்கலாம். ஃபெலோஷிப் என்றால்: நீங்கள் சேர்ந்த அறிக்கை, கைடின் சான்று, உரிமைக்கோரல் பில் எல்லாம் நிதி தரும் அமைப்புக்குப் போய், அங்கே அனுமதியாகி, பணம் வர வேண்டும். முதல் தொகை கைக்கு வரச் சில மாதம் ஆவது சாதாரணம். வரும்போது நிலுவையோடு சேர்த்து வரும். எனவே சேரும்போதே ஆறு மாதச் செலவுக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டு வாருங்கள். இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ப்ராஜெக்ட் என்றால் கதை வேறு. முதலாண்டுப் பணம் வந்துவிடும். இரண்டாம் ஆண்டுப் பணம் வர, முதலாண்டில் எதற்கு எவ்வளவு செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். லேபில் இதை 'யூசி' என்பார்கள். பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவம். அக்கவுன்ட்ஸில் ஒரு கையெழுத்து, தணிக்கையில் ஒரு கையெழுத்து, ஏதோ ஒரு தலைப்பில் பணம் மிச்சமிருந்தால் அதற்கு ஒரு விளக்கம். இத்தனையும் ஏப்ரலில் நடக்க வேண்டும், நடப்பது ஆகஸ்டில். இடையில் உங்கள் சம்பளம் நிற்கும்.

எனக்கே ஒருமுறை ஐந்து மாதம் நின்றது. மாதாமாதம் சாரிடம் போய் நின்றேன். அவரும் "வரும்மா, வந்துரும்" என்றார். ஐந்தாவது மாதம் அக்கவுன்ட்ஸுக்கு நேராகப் போனபோதுதான் தெரிந்தது, யூசி அனுப்பப்படவே இல்லை. ஒரு மைக்ரோபிப்பெட் வாங்கிய பில்லில் ஸ்டோர்ஸ் முத்திரை விடுபட்டிருந்ததால் அந்த ஃபைல் ஒரு ட்ரேயில் தூங்கிக்கொண்டிருந்தது. முத்திரை வைக்க ஒரு நிமிடம் ஆனது. அதிலிருந்து நான் சொல்வது: "பணம் எப்போ வரும்" என்று கேட்காதீர்கள், "ஃபைல் இப்போ யார் மேசையில் இருக்கு" என்று கேளுங்கள்.

"லீவு எத்தனை நாள்? பிரசவத்துக்குக் கொடுப்பாங்களா, இல்ல நிறுத்திடுவாங்களா?"

நிறுத்த முடியாது. ஃபெலோஷிப் ஆணையிலேயே மகப்பேறு விடுப்பு எல்லா வகையினருக்கும் உண்டு என்று இருக்கிறது, மத்திய அரசின் அறிவுறுத்தல்படி. சாதாரண விடுப்பில்தான் வித்தியாசம்: ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் என்றால் தற்செயல் விடுப்பு மட்டும், ஆர்ஏ என்றால் அந்த நிறுவன விதிப்படி. மாநாட்டுக்கோ பயிலரங்குக்கோ போனால் அது பணியில் இருந்ததாகவே கணக்கு, விடுப்பில் கழியாது.

இதோடு பிஎச்டி காலக்கெடுவையும் பார்க்க வேண்டும். யுஜிசியின் 2022 விதிகளின்படி அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்து 2 ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு சலுகை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக முழுக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "போய்ட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்பது அனுமதி ஆகாது.

"டாக்ஸ் பிடிப்பாங்களா? பிஎஃப் உண்டா?"

படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு விலக்கு தந்தது. ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் தொகையை அந்தக் கணக்கில்தான் காட்டிவந்தோம். ஆர்ஏ, ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட் போன்றவர்களின் தொகை பட்டத்துக்கான உதவி இல்லை. அதற்கு வரி வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஃபெலோவுக்கு பிஎஃப், பணிக்கொடை, ஓய்வூதியம் எதுவும் இல்லை. நிரந்தரப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் உங்களிடமிருந்து 10 சதவீதம், அரசுத் தரப்பில் 14 சதவீதம்.

"பிஎச்டி முடிச்சாச்சு. திரும்பவும் ஆர்ஏவா? அது எதுக்கு?"

விஞ்ஞானி போஸ்ட்டுக்கு விளம்பரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஆராய்ச்சியை விடாமல் இருக்க ஆர்ஏ. பிஎச்டி இல்லாவிட்டாலும், எம்டெக் முடித்து 3 ஆண்டு ஆராய்ச்சி அனுபவமும் தரமான ஆய்விதழில் ஒரு கட்டுரையும் இருந்தால் தகுதி உண்டு. தொகை முன்பே சொன்னதுதான்.

இதற்கு மேலே, சொந்தமாக ஆராய்ச்சி நடத்த உதவும் ஃபெலோஷிப்கள் இருக்கின்றன. இன்ஸ்பயர் ஃபேகல்டி: 27 முதல் 32 வயது வரை, 5 ஆண்டு, மாதம் 1,25,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சம் ஆராய்ச்சி நிதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் திரும்பிவர ராமானுஜன் ஃபெலோஷிப், அதுவும் 5 ஆண்டு. பெயரில் 'ஃபேகல்டி' இருந்தாலும் இவையும் பணத்தில் இருக்கும் இடங்களே. ஐந்தாம் ஆண்டு முடிவில் போஸ்ட் தருவதாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. நான்காம் ஆண்டிலேயே வெளியே விண்ணப்பிக்கத் தொடங்காதவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

"சயின்டிஸ்ட்டா எப்படி எடுக்குறாங்க? எக்ஸாம் இருக்கா?"

இங்கேதான் தாய் அமைப்பு முக்கியம் என்று முதல் பதிலில் சொன்னேன். ஐசிஏஆருக்குத் தனித் தேர்வு வாரியம் இருக்கிறது; எழுத்துத் தேர்வு எழுதித்தான் விஞ்ஞானியாகச் சேர வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் பட்டதாரி பொறியாளர்கள் கேட் மதிப்பெண் வழியாக 'சயின்டிஸ்ட் பி' என்ற தொடக்க நிலை விஞ்ஞானி ஆகிறார்கள். அணுசக்தித் துறையில் 1957 முதல் நடக்கும் பயிற்சிப் பள்ளி. அதில் சேர்ந்தால் குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிஎஸ்ஐஆரில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆய்வகமும் தானே விளம்பரம் செய்து நேர்காணல் வைத்து எடுக்கிறது. வழக்கமான நுழைவு 'சயின்டிஸ்ட்' என்ற நிலை, ஊதிய நிலை 11, தொடக்க அடிப்படைச் சம்பளம் 67,700. விளம்பரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறியீடும், தேவைப்படும் நிபுணத்துவமும் மிகக் குறுகலாகப் போட்டிருக்கும். உங்கள் ஆய்வேடு அதற்குள் வரவில்லை என்றால், எத்தனை கட்டுரை இருந்தாலும் ஸ்க்ரீனிங்கிலேயே போய்விடும். என் விண்ணப்பம் இரண்டுமுறை அப்படிப் போனது. மூன்றாவது முறை, விளம்பரத்தில் இருந்த அதே சொற்களில் என் வேலையை விவரித்தேன், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பொய் எழுதவில்லை. படிப்பவருக்குத் தேடும் வேலை மிச்சமானது, அவ்வளவுதான்.

"எனக்கு 31 ஆகுது. பிஎச்டி இன்னும் சப்மிட் பண்ணல. லேட் ஆயிடுச்சா?"

சிஎஸ்ஐஆர் 'சயின்டிஸ்ட்' நிலைக்கு வயது வரம்பு 32. எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டும் ஓபிசிக்கு 3 ஆண்டும் தளர்வு, அதுவும் அந்தப் பிரிவுக்கு ஒதுக்கிய இடம் என்றால். அறிவியல் பிரிவில் பிஎச்டி சமர்ப்பித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்று பல விளம்பரங்களில் இருக்கும். பட்டம் கையில் வரக் காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: இன்னொரு கட்டுரைக்காக ஆறு மாதம் தள்ளாதீர்கள், சமர்ப்பித்துவிடுங்கள். 32 தாண்டினால் அடுத்த வாசல் 'சீனியர் சயின்டிஸ்ட்'. வரம்பு 37, ஆனால் அதற்கு பிஎச்டிக்குப் பிந்தைய அனுபவம் கேட்பார்கள், இடங்களும் குறைவு.

வயதைக் கணக்கிடும் தேதி விளம்பரத்தில் இருக்கும், பெரும்பாலும் விண்ணப்பத்தின் கடைசி நாள். மூன்று நாளில் வாய்ப்பை இழந்த தோழி எனக்கு உண்டு.

"சயின்டிஸ்ட் ஆயிட்டா ப்ரமோஷனுக்கு மேல இருக்கிறவர் ரிட்டயர் ஆகணுமா?"

வேண்டாம். அரசுப் பணியில் இது எல்லாருக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம். அறிவியல் அமைச்சகங்களில் நடப்பிலுள்ள முறையில், குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் உங்கள் வேலையை மதிப்பிட்டு, நீங்கள் இருக்கும் இடத்தையே உயர்த்திவிடுவார்கள். காலியிடம் தேவையில்லை. 'சயின்டிஸ்ட் பி'யிலிருந்து 'சி'க்கு 3 ஆண்டு, அடுத்த இரண்டு படிக்கும் நான்கு நான்கு ஆண்டு, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. சிஎஸ்ஐஆருக்குத் தன் சொந்த விதிகள் உண்டு. அடிப்படை எண்ணம் அதேதான். நேர்காணலில் தேறாவிட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும், அவ்வளவே.

"டெக்னிகல் அசிஸ்டென்ட்டா உள்ள போயிட்டு, பிஎச்டி பண்ணி, சயின்டிஸ்ட் ஆயிடலாமா?"

தானாக ஆகாது. சிஎஸ்ஐஆரில் டெக்னிகல் பிரிவு தனி ஏணி, விஞ்ஞானிப் பிரிவு தனி ஏணி. டெக்னிகல் அசிஸ்டென்ட் பட்டயமோ பிஎஸ்ஸியோ படித்தவர்க்கு, நிலை 6, தொடக்கம் 35,400. அங்கிருந்து மதிப்பீடுகள் வழியாக அந்த ஏணியில் மேலே போகலாம். இந்த ஏணியிலிருந்து அந்த ஏணிக்குத் தாவ, வெளியாள் போலவே விளம்பரத்துக்கு விண்ணப்பித்துத் தேற வேண்டும்.

ஆனால் இந்தப் பாதையை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 28 வயதுக்குள் நிரந்தரப் பணி, மாதம் தவறாத சம்பளம். எங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வெற்றிடப் பம்ப் இரைந்தால், சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் நாங்கள் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருப்போம்.

"எட்டு வருஷமா ஒரே இடத்துல ப்ராஜெக்ட்ல இருக்கேன். பெர்மனென்ட் பண்ணச் சொல்லி கேஸ் போடலாமா?"

இதற்கு மனசுக்கு இதமான பதில் என்னிடம் இல்லை. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது: தற்காலிகமாக நீண்ட நாள் வேலை பார்த்ததாலேயே நிரந்தரம் கேட்கும் உரிமை வராது. விதிவிலக்காக, அனுமதிக்கப்பட்ட போஸ்ட்டில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணையின்றிப் பத்தாண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களை ஒருமுறை முறைப்படுத்தலாம் என்றது. 'அனுமதிக்கப்பட்ட போஸ்ட்டில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன அதே வித்தியாசம்தான். ப்ராஜெக்ட் ஊழியர் போஸ்ட்டிலேயே இல்லை.

2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு வேலை பார்த்த துப்புரவு, தோட்டப் பணியாளர்களை நிரந்தரமாக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பை ஊழியர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்ற பொருளில் பேசியது. அது நல்ல செய்திதான். ஆனால் அந்த வேலை நிறுவனத்தின் அன்றாடத் தேவை; உங்களுடையது மூன்றாண்டுத் திட்டங்களின் தொடர். உங்கள் ஆர்டர்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு பணியாளர் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். கூடவே, வழக்கை நம்பி வேறு இடத்துக்கு விண்ணப்பிப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எட்டு வருடத்தில் நீங்கள் இழந்தது வயது வரம்பைத்தான், மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள்.

"அஞ்சு வருஷ ஃபெலோஷிப்பை எக்ஸ்பீரியன்ஸா எடுத்துப்பாங்களா?"

எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு யுஜிசியின் 2018 விதிகள் தெளிவாக மறுக்கின்றன: பிஎச்டி பட்டம் பெறச் செலவான காலம் ஆராய்ச்சி அனுபவமாக ஏற்கப்படாது. பட்டத்துக்குப் பிந்தைய ஆர்ஏ காலம் வேறு. ஆராய்ச்சி நிறுவன விளம்பரங்களில் "பிஎச்டிக்குப் பின்" என்று இருக்கிறதா, "முதுகலைக்குப் பின்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் ஐந்தாண்டு நிற்கிறது.

எதுவாக இருந்தாலும், வெளியேறும் நாளிலேயே தேதி, பதவிப் பெயர், தொகை மூன்றும் உள்ள அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். ப்ராஜெக்ட் நடத்திய சார் ஓய்வு பெற்றபின் அதை வாங்குவது பெரும்பாடு.

"பெர்மனென்ட்ல இருக்கேன். வேற கவர்மென்ட் நிறுவனத்துல கிடைச்சிருக்கு. ராஜினாமா பண்ணிட்டுப் போயிடலாமா?"

வெறும் ராஜினாமா எழுதினால் பழைய பணிக்காலம் போய்விடும். முதலில் விண்ணப்பமே உங்கள் நிறுவனம் வழியாகவோ தடையில்லாச் சான்றோடோ போயிருக்க வேண்டும். அப்படிப் போயிருந்தால் 'டெக்னிகல் ரெசிக்னேஷன்' கொடுக்கலாம். பழைய பணிக்காலம் கூட வரும், சம்பளமும் குறையாமல் காக்கப்படும். பழைய இடத்தின் மீதான உரிமையும், அதாவது லியன், வழக்கமாக 2 ஆண்டு இருக்கும். புது இடம் பிடிக்காவிட்டால் திரும்பலாம். ப்ராஜெக்ட்டிலோ ஃபெலோஷிப்பிலோ இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்கள் ஆர்டரில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் கொடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகங்களையும் மாதிரிகளையும் ஒப்படைத்து 'நோ டியூஸ்' வாங்கினால் போதும்.

"ஆர்டர் வந்துடுச்சு அக்கா! நாளைக்கு ஜாயினிங். எதைப் பாக்கணும்?"

முதலில் வாழ்த்துகள். அப்புறம் இரண்டாம் பத்தியைப் படியுங்கள், அங்கேதான் எல்லாம் இருக்கும். 'கோ-டெர்மினஸ்' என்று இருந்தால் ப்ராஜெக்ட் முடியும் நாளில் நீங்களும் முடிகிறீர்கள் என்று பொருள். ஆர்டரில் ஓராண்டு போட்டிருந்தாலும் ப்ராஜெக்ட் எட்டு மாதத்தில் முடிந்தால் எட்டு மாதம்தான். சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் எல்லா ப்ராஜெக்ட்டும் சேர்த்து ஒருவர் இருக்கக்கூடிய மொத்த ஆண்டுகளுக்கு உச்சவரம்பு உண்டு, அதுவும் கீழே எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். வாடகைப்படி போட்டிருக்கிறார்களா, எந்தத் தேர்வுத் தகுதியின் அடிப்படையில் தொகை நிர்ணயித்தார்கள் என்பதையும் பாருங்கள். நெட் தேறியும் தேறாதவர் தொகையில் ஆர்டர் போட்டு, சான்றிதழ் காட்டியபின் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்குச் சேரும் அறிக்கையில் 'முற்பகல்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் கூட்டம் இருக்கும், மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கவே மதியம் ஆகிவிடும், பிறகு "பிற்பகல்னு போட்டுக்கோங்க" என்பார்கள். அப்படிப் போட்டால் உங்கள் கணக்கு மறுநாளிலிருந்துதான் தொடங்கும். ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், புகைப்படம் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள், பசை டப்பாவும் கொண்டுபோங்கள். அங்கே இருக்காது.